மும்பையில் ஆர்.டி.ஐ. மனு போடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப்ஹில், செம்பூர், மால்வணி என்று எங்கே உட்கார்ந்து ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு எழுதினாலும் நம் ஆட்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் மகாராஷ்டிர அரசு, மும்பை மாநகராட்சி அலுவலகங்களுக்கானவை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு விதி மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. ஆர்.டி.ஐ.ங்கிறது கம்ப்ளெயின்ட் குடுக்கிற மாதிரிதானே?

இல்லை. புகார் மனு ‘இதைச் சரிசெய்து கொடுங்கள்’ என்று கேட்கும். ஆர்.டி.ஐ. மனு ‘உங்களிடம் இருக்கும் காகிதத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. மகாராஷ்டிரம் அதற்கு முன்பே, 2002-இல், தனக்கென ஒரு சட்டம் வைத்திருந்தது. அதனால் ‘எங்களுக்கு இதெல்லாம் தெரியாது’ என்று ஒரு வார்டு ஆபீஸ் குமாஸ்தா சொன்னால் நம்ப வேண்டாம்.

நாலா (சாக்கடைக் கால்வாய்) அடைத்துக்கொண்டால் முதலில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். இரண்டு வாரம் ஒன்றும் நடக்காவிட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, அதன்மேல் எடுத்த நடவடிக்கைக்கான காகிதங்களை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். புகார் எண் இல்லாமல் போடும் ஆர்.டி.ஐ.க்கு ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

2. எனக்கு மராட்டி எழுத வராது. தமிழ்ல எழுதிப் போடலாமா?

மும்பையில் முடியாது. சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி ஆகிய மூன்றை மட்டுமே ஏற்கிறது. இங்கே ஆட்சிமொழி மராட்டி. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அதிகாரியின் (ஆர்.டி.ஐ. மனுக்களுக்குப் பதில் தர அந்தந்த அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவர்) கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த உதவியை நம்பி ஆபீஸ் வாசலில் நிற்பதைவிடப் பள்ளிக்கூடத்தில் மராட்டி படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எழுதி வாங்குவது சுலபம்.

பதில் பெரும்பாலும் மராட்டியில் வரும். ஆவணம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் நகல் கிடைக்கும். மொழிபெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்க உரிமை இல்லை.

3. எந்த ஆபீஸுக்குப் போடணும்னே தெரியல. எல்லாத்துக்கும் பி.எம்.சி.தானா?

குப்பை, நாலா, உள்தெருச் சாலை, தண்ணீர், மாநகராட்சிப் பள்ளி, மாநகராட்சி ஆஸ்பத்திரி எல்லாம் பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி). தாராவி என்றால் ஜி-நார்த் வார்டு. சயான், மாட்டுங்கா, அண்டாப்ஹில் என்றால் எஃப்-நார்த். குடிசை மாற்றுக் கட்டடம் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்), வாரியக் குடியிருப்பு மாடா (மாநில வீட்டுவசதி வாரியம்), ரேஷன் கார்டு உங்கள் பகுதி ராஷனிங் ஆபீஸ். இவையெல்லாம் மாநிலப் பட்டியல்.

பாஸ்போர்ட், ரயில்வே, தபால், பி.எஃப்., அரசு வங்கி, எல்.ஐ.சி. ஆகியவை மத்திய அரசின் கீழ் வருபவை. இரண்டுக்கும் இணையதளம் வேறு வேறு. மத்திய தளத்தில் மாநில அலுவலகத்துக்கு மனுப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது. காகிதத்தில் தவறான ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டால் அவர்களே 5 நாளுக்குள் சரியான ஆபீஸுக்கு மாற்றி, உங்களுக்கும் எழுத வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. அதனால் கவுன்டரில் ‘இது எங்க விஷயம் இல்ல’ என்று மனுவைத் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள். 6(3) என்று மட்டும் சொல்லுங்கள்.

4. பத்து ரூபாய்னு சொல்றாங்க. எப்படிக் கட்டுறது?

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி மனுவின் மேல் ஒட்டினால் போதும். கோர்ட் வளாகத்திலும் உரிமம் பெற்ற ஸ்டாம்ப் விற்பனையாளரிடமும் கிடைக்கும். பலர் ரெவின்யூ ஸ்டாம்பையோ தபால் தலையையோ ஒட்டிவிடுகிறார்கள். அது செல்லாது. கட்டணம் இல்லாத மனுவாகக் கருதப்படுவதால், பதில் தருவதற்கான 30 நாள் கணக்கும் ஓடாது.

மத்திய அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது. அதற்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், அல்லது இணையதளத்தில் நேரடிப் பணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் சான்று இணைக்க வேண்டும். மஞ்சள் ரேஷன் கார்டுதான் அந்த வகை. நம் ஆட்கள் நிறையப் பேரிடம் இருக்கும் கேசரி (காவி நிற) கார்டைக் காட்டிச் சலுகை கேட்டால் மனு நின்றுபோகும்.

5. நேர்ல குடுக்கணுமா, தபால்ல அனுப்பலாமா?

இரண்டும் சரி. மகாராஷ்டிர ஆர்.டி.ஐ. இணையதளத்தில் உங்கள் அலுவலகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் அதுதான் வசதி, பதிவு எண் உடனே வரும். நேரில் கொடுப்பதென்றால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு ‘ஆவக்’ (வரும் கடிதங்களைப் பதியும்) கவுன்டருக்குப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியுடன் சீல் வாங்குங்கள். அந்தச் சீல் இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் நீங்கள் மனுக் கொடுத்ததையே நிரூபிக்க முடியாது. தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட். சேர்ந்த தேதியைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே பிரின்ட் எடுத்து வையுங்கள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு தளத்தில் தேடினால் அகப்படாது.

மகாராஷ்டிரத்தில் ஜோட்பத்ர (இணைப்பு) ‘அ’ என்ற படிவம் உண்டு. மனுவை அந்த வரிசைப்படி எழுதினால் கவுன்டரில் பேச்சு குறையும். முகவரி ‘ஜன் மாஹிதி அதிகாரி’ (பொதுத் தகவல் அதிகாரி) என்று பதவிக்கே இருக்கட்டும். அதிகாரியின் பெயர் வேண்டாம். மாதா மாதம் ஆள் மாறுவார்.

6. ‘எங்க தெருவுக்கு ஏன் இன்னும் ரோடு போடல?’ன்னு கேட்டேன். ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ன்னு பதில் வந்துச்சு. ஏமாத்துறாங்களா?

இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. சட்டம் தருவது ஏற்கனவே பதிவாகி இருக்கும் தகவலை. ‘ஏன்’ என்பதற்குக் காரணம் யோசித்து எழுதித் தர வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை என்று 2008-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு தீர்ப்பளித்தது. இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்று 2011-இல் உச்சநீதிமன்றமும் சொன்னது. தோற்றுப்போகும் மனுக்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தோற்கிறது. கோபத்தைக் கேள்வியாக எழுதுகிறோம், அவர்கள் அந்தக் கேள்விக்குறியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த ரோடு விஷயத்தையே இப்படி எழுதலாம்: ‘இன்ன தெருவில், இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை, 2022 ஏப்ரல் முதல் இன்றுவரை நடந்த சாலைப் பணிகள் தொடர்பாக (அ) வொர்க் ஆர்டர், (ஆ) மெஷர்மென்ட் புக் பக்கங்கள், (இ) ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில்கள், (ஈ) குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை (ரோடு கெட்டால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம்) காட்டும் ஒப்பந்தப் பக்கம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள்.’ வேலையே நடக்கவில்லை என்றால் ‘பணி எடுக்கப்படவில்லை’ என்று எழுத்தில் வரும். காகிதத்தில் மட்டும் நடந்திருந்தால் மெஷர்மென்ட் புக் காட்டிக்கொடுக்கும். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று எழுதி இன்ஜினியர் கையெழுத்திட்டிருப்பார். டேப் எடுத்துப் போய் நீங்களும் அளக்கலாம். கான்கிரீட், தார் போன்ற பொருளின் மாதிரியைச் சான்றிட்டுத் தரும்படி கேட்கவும் 2(j) பிரிவில் உரிமை உண்டு, யாரும் கேட்பதில்லை.

மாநகராட்சியின் தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால், அந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, கடந்த மூன்று கல்வி ஆண்டுகளில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை எவ்வளவு என்று கேளுங்கள். ரேஷன் கடை என்றால் கடை எண்ணைக் குறிப்பிட்டு, மாதவாரியாக ஒதுக்கிய அளவு, கடைக்கு வந்து சேர்ந்த அளவு, விநியோகித்த அளவு, கடைசி இரண்டு சோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் நகல். மூன்று எண்களுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் வாதாட வேறு எதுவும் வேண்டாம்.

7. ஏற்கனவே அஞ்சு விஷயம் இருக்கு. ஒரே மனுவுல எழுதிடலாமா?

கூடாது. மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனு ஒரு பொருளைப் பற்றியதாக, சாதாரணமாக 150 வார்த்தைக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். முகவரிகள் இந்தக் கணக்கில் சேராது. பொருள் ஒன்றுக்கு மேல் போனால் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லி, மற்றவற்றுக்குத் தனி மனுப் போடச் சொல்லலாம். 6-ஆம் கேள்வியில் உள்ள ரோடு மனுவில் நான்கு காகிதம் இருந்தாலும் பொருள் ஒன்றுதான், அது செல்லும். ரோடு, தண்ணீர், பள்ளி என்று கலந்தால் செல்லாது.

மத்திய அலுவலகங்களுக்கு வரம்பு 500 வார்த்தை. அதைத் தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

8. எதுக்குக் கேக்கறீங்கன்னு விசாரிக்கிறாங்க. சொல்லணுமா?

வேண்டியதில்லை. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு சொல்கிறது. தொடர்பு கொள்ள முகவரி இருந்தால் போதும். மனுவில் நீங்களாகக் காரணம் எழுதிச் சிக்கிக்கொள்ளவும் வேண்டாம். 14-ஆம் கேள்வியில் வரும் பொதுநல வாதம் ஒன்றுதான் விதிவிலக்கு.

9. முப்பது நாள்னா எந்த நாள்லேர்ந்து? அவசரம்னா 48 மணி நேரத்துல குடுப்பாங்களாமே?

மனு தகவல் அதிகாரியிடம் சேர்ந்த நாளிலிருந்து. வேறு ஆபீஸுக்கு மாற்றப்பட்டால் அங்கே சேர்ந்த நாளிலிருந்து. மத்திய அலுவலகத்துக்கான மனுவைத் தபால் நிலையத்தில் உள்ள உதவித் தகவல் அதிகாரியிடம் கொடுத்தால் கூடுதலாக 5 நாள். நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்து, நீங்கள் கட்டும்வரை ஆகும் நாட்களும் கணக்கில் சேராது.

48 மணி நேரம் என்பது ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும். போலீஸ் பிடித்துப்போனவர் எங்கே என்பது அதற்குள் வரும். ரேஷன் கார்டு தாமதம் வராது. எல்லா மனுவிலும் ‘மிக அவசரம்’ என்று எழுதுவதால் உண்மையான அவசரத்தையும் யாரும் கண்டுகொள்வதில்லை.

10. ஆயிரக்கணக்குல பக்கம் இருக்கு, நாலாயிரம் ரூபாய் கட்டுன்னு லெட்டர் வந்திருக்கு. என்ன பண்றது?

பக்கத்துக்கு 2 ரூபாய் என்பது விதி. அந்தக் கணக்கைக் கடிதத்தில் காட்ட வேண்டும். 30 நாள் தாண்டிய பிறகு வந்த கடிதம் என்றால் 7(6) பிரிவின்படி நகலை இலவசமாகவே தர வேண்டும். அப்படி எழுதிக் கேளுங்கள்.

நாளுக்குள் வந்திருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பு கோப்பை நேரில் பார்வையிட விண்ணப்பியுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வேண்டியதற்கு மட்டும் நகல் கேட்டால், பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். உள்ளாட்சி, மாவட்ட அலுவலகங்களில் திங்கட்கிழமை மாலை 3 முதல் 5 மணிவரை பொதுமக்கள் கோப்புகளைப் பார்வையிடலாம் என்று 2018-இல் மாநில அரசு ஆணை இட்டது. வாசலில் போர்டு இருக்காது, கேட்டுத்தான் பெற வேண்டும். ‘இவ்வளவு பக்கம் தர ஆள் இல்லை’ என்று 7(9) பிரிவைக் காட்டி மறுத்தாலும் இதே வழிதான். அந்தப் பிரிவு தரும் வடிவத்தை மாற்றத்தான் அனுமதிக்கிறது, மறுக்க அனுமதிக்கவில்லை.

11. முப்பது நாள் ஆச்சு, பதிலே இல்ல. திரும்ப இன்னொரு மனுப் போடவா?

போடாதீர்கள். பதில் வராததே மறுப்பாகக் கருதப்படும். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதே அலுவலகத்தில் தகவல் அதிகாரிக்கு மேலே உள்ளவர்தான் மேல்முறையீட்டு அதிகாரி. மகாராஷ்டிரத்தில் இதற்கு 20 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மத்திய அலுவலகங்களில் கட்டணம் இல்லை. மனு நகல், சீல் வாங்கிய பிரதி, வந்த பதில் ஏதாவது இருந்தால் அது ஆகியவற்றை இணைத்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள். நேரில் ஆள் நின்றால் ‘ஏழு நாளில் கொடுத்துவிடு’ என்று அங்கேயே சொல்லிவிடுவது வழக்கம். முடிவு எடுக்க அவருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள்.

12. அதுலயும் ஒண்ணும் நடக்கலன்னா? அபராதம் போடுவாங்களா?

முடிவு வந்த நாளிலிருந்து, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. மும்பைக்கென்று ‘பிருஹன்மும்பை’ அமர்வு தனியாக உண்டு. இதற்கும் 20 ரூபாய். நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. அந்தப் பணம் அரசுக்குப் போகும். உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் 19(8) பிரிவில் இழப்பீடு தனியாகக் கேட்க வேண்டும்.

18-ஆம் பிரிவில் ‘புகார்’ என்றும் ஒரு வழி இருக்கிறது. அதில் அதிகாரியைத் தண்டிக்கலாமே தவிர, தகவலைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதம் வேண்டுமென்றால் 19-ஆம் பிரிவு மேல்முறையீடுதான். மகாராஷ்டிர ஆணையத்தில் தேங்கிய வழக்குகள் 2023-இலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன; உங்கள் முறை வர வருடக்கணக்கில் ஆகலாம். ஆகவே மேல்முறையீட்டைப் போட்டுவிட்டு, அதே விஷயத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து வேறு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வார்டு தராத பில் நகல், கணக்குப் பிரிவிலோ தணிக்கைப் பிரிவிலோ இருக்கக்கூடும்.

13. ‘ஃபைல் கிடைக்கல’ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதோட முடிஞ்சுதா?

முடியவில்லை. தகவல் தர மறுப்பதற்கான காரணங்கள் 8, 9-ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. ‘ஃபைல் காணோம்’ என்பது அவற்றில் இல்லை. மகாராஷ்டிரப் பொது ஆவணச் சட்டம் 2005-இன்படி ஆவணங்களைப் பாதுகாப்பது அலுவலகத்தின் பொறுப்பு. காணாமல்போன ஃபைலுக்குப் போலீஸில் புகார் பதிய வேண்டும் என்று 2015-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

அடுத்த மனுவில் நான்கு காகிதம் கேளுங்கள்: அந்த வகை ஃபைலை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி, அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டின் பக்கம், ஃபைல் கடைசியாக யார் கைக்குப் போனது என்ற நடமாட்டப் பதிவு, காணவில்லை என்று பதிந்த புகாரின் நகல். இந்த மனுவுக்குப் பிறகு திடீரென்று ஃபைல் அகப்படுவது உண்டு.

14. பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படி வீடு குடுத்தாங்கன்னு கேட்டா ‘பெர்சனல் தகவல்’னு சொல்றாங்களே?

இந்த இடம் இப்போது கடினமாகிவிட்டது. முன்பு 8(1)(j) பிரிவில், பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது, திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்ற இரண்டு வார்த்தையே மறுப்புக்குப் போதும் என்பது போல எழுதுகிறார்கள்.

இரண்டு பிடி மிச்சம் இருக்கிறது. ஒன்று 8(2) பிரிவு: பொதுநலன் பெரிதென்றால் விலக்கு இருந்தாலும் தரலாம். அதை மனுவிலேயே இரண்டு வரியில் எழுதுங்கள். மற்றது 4(1)(b) பிரிவு: மானியம், சலுகை பெற்ற பயனாளிகள் பட்டியலை அலுவலகமே வெளியிட வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. பெயரைச் சொல்லி ஒருவரைப் பற்றிக் கேட்காமல், ‘இந்தத் திட்டத்தில் வெளியிடப்பட்ட பயனாளிகள் பட்டியலும், தகுதியை முடிவு செய்த விதிமுறையும்’ என்று கேளுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவற்றை 10-ஆம் பிரிவின்படி மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். பக்கத்து வீட்டோடு சண்டை என்பதுதான் உண்மைக் காரணம் என்றால் இந்த மனு நிற்காது.

15. தாராவி சர்வே நடத்துறது தனியார் கம்பெனி. அவங்ககிட்ட ஆர்.டி.ஐ. போட முடியுமா?

தாராவி மறுவளர்ச்சிக்காகச் சர்வே நடத்தும் அந்த நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடும் மாநில அரசுத் தரப்புக்கு 20 விழுக்காடும் பங்கு. அது சட்டத்துக்குள் வருமா என்ற வாதத்தில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம். தாராவி மறுவளர்ச்சித் திட்ட அலுவலகம் அரசு அலுவலகம். மனுவை அங்கே கொடுங்கள். தனியாரிடமிருந்து அரசு அலுவலகம் சட்டப்படி பெறக்கூடிய தகவலும் ‘தகவல்’தான் என்று 2(f) சொல்கிறது.

உங்கள் வீட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்: சர்வே எண், நீங்கள் கொடுத்ததாகப் பதிவான ஆவணங்களின் பட்டியல், அனெக்ஸர்-2 (வீடு பெறத் தகுதி உள்ளவர், இல்லாதவர் பட்டியல்) வரைவில் உங்கள் வரி, ‘அபாத்ர’ (தகுதியற்றவர்) என்று குறித்திருந்தால் அதற்கான குறிப்பு. சொந்தத் தகவல் என்பதால் 14-ஆம் கேள்வியின் சிக்கல் வராது. ஒன்றை மறக்காதீர்கள்: தகுதியின்மைக்கு எதிரான மேல்முறையீட்டின் கெடு ஆர்.டி.ஐ. பதிலுக்காகக் காத்திருக்காது. கையில் உள்ள ஆவணத்தோடு அதை முதலில் போடுங்கள், பதில் வந்ததும் கூடுதலாக இணைக்கலாம்.

16. எங்க சொசைட்டி செகரெட்டரி கணக்கே காட்டறதில்ல. அவருக்குப் போடலாமா?

அவருக்குப் போட முடியாது. அரசின் கணிசமான நிதியோ கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2013-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. சொசைட்டி தாக்கல் செய்த தணிக்கை அறிக்கையும் தேர்தல் காகிதங்களும் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அங்கே கேளுங்கள்.

17. திருநெல்வேலியில பட்டா விஷயம் இருக்கு. மும்பையிலேருந்தே கேக்க முடியுமா?

முடியும். இந்தியக் குடிமகன் நாட்டின் எந்த அலுவலகத்திலும் கேட்கலாம். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ‘பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்’ என்று முகவரியிட்டால் போதும். கட்டணம் அங்கேயும் 10 ரூபாய். மகாராஷ்டிர ஸ்டாம்பை ஒட்டி அனுப்பிவிடாதீர்கள், அது அங்கே செல்லாது. ஊரில் இருக்கும் யாரிடமாவது தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) நாலைந்து வாங்கி அனுப்பச் சொல்லிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டி.டி. எடுத்தால் கமிஷன்தான் அதிகம். சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இல்லாமல் கேட்டால் பதில் வராது.

18. எங்க சங்கத்துப் பேர்ல போடலாமா? மத்தவங்களுக்கு எழுதிக் குடுக்கலாமா?

உரிமை குடிமக்களுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை. செயலாளர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு, கீழே பதவியைக் குறிப்பிடலாம். எழுதிக் கொடுக்கத் தடை இல்லை. கையெழுத்தும் முகவரியும் கேட்பவருடையதாக இருக்கட்டும், பதில் அவர் கைக்கே வரட்டும். ஒருவரே நூறு மனுப் போட்டால் ‘வழக்கமாகத் தொல்லை கொடுப்பவர்’ என்று முத்திரை குத்துகிறார்கள். ஆளுக்கு ஒன்றாகப் பத்துப் பேர் போட்டால் அது நடக்காது.

19. கான்ட்ராக்டர் ஆளுங்க வீட்டுக்கு வந்து மிரட்டுறாங்க. பேர் தெரியாம கேக்க வழி இருக்கா?

பெயர் இல்லாமல் முடியாது, வீட்டு முகவரி இல்லாமல் முடியும். தபால் பெட்டி எண் போதும், மேல்விவரம் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2013-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்னது. மத்திய பணியாளர் துறையும் 2014-இல் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. மிரட்டல் இந்த மாநிலத்தில் வெறும் பேச்சு அல்ல: நில மோசடிகளை ஆர்.டி.ஐ. மூலம் வெளிக்கொண்டுவந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகே தளேகாவில் கொல்லப்பட்டார்.

பெரிய பணம் புழங்கும் விஷயம் என்றால் 18-ஆம் கேள்வியில் சொன்னபடி பல பேர், பல முகவரியில், ஒரே வாரத்தில் ஒரே தகவலைக் கேளுங்கள். வேறு ஊரில் இருக்கும் உறவினரும் போடலாம். வந்த காகிதங்களை உடனே பலருக்கு அனுப்பிவிடுங்கள். ஒருவரிடம் மட்டும் இருக்கும்வரைதான் அவரை மிரட்டுவதில் லாபம். மிரட்டல் வந்த நாளே போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.